முதல் ஞாயித்துக்கிழமை உறுமல்

சர்ருவண்டிக்காரங்க கதைன்னதும் நீங்க என்னத்தை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கீங்கன்னு தெரியாமலா இருக்குது. ஒருத்தன் இருநூறுல போவான், இன்னொருத்தன் இருநூத்திப்பத்துல போவான், குறுக்க ஒரு லாரி வரும், ஒரு பொண்ணு அழுவா, கடைசில ஆஸ்பத்திரி வராந்தா, டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டுத் தலையை ஆட்டுவாரு. அதெல்லாம் இல்லீங்க. இந்தக் கதைல வண்டி ஓடவே ஓடாது. நிறுத்தின எடத்துலயே நிக்கும். இன்னும் சில பேரு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, பணக்காரனை நாலு கிழி கிழிப்பாங்க, சிரிச்சுட்டுப் போலாம்னு வந்திருக்கீங்க. சிரிங்க, யாரு வேண்டாங்கறது. சிரிக்கற வாயை எப்ப மூடணும்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க, அதை நீங்களேதான் பார்த்துக்கணும்.

கோயமுத்தூர்ல சர்ருன்னு பறக்கற காரு வெச்சிருக்கறவங்க கிளப்பு ஒண்ணு இருக்குது. டீசர்ட்டுல முதுகு பூரா இங்கிலீஷ்ல ஒரு பேரு நீளமா அடிச்சிருக்கும், அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆளு கடந்து போயிருவாரு, அதனால பைபாஸ் ஓரத்து ஜனங்க சுருக்கமா சர்ருவண்டிச் சங்கம்னு வெச்சுட்டாங்க. பதினாலு பேரு, பதினாலு வண்டி, ஒவ்வொண்ணும் ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, தரைக்கும் வயித்துக்கும் நடுவால நாலு விரக்கடை எடம், ரோட்டுல ஒரு வேகத்தடையைக் கண்டாப் போதும், எட்டு மாசக் கர்ப்பிணியைப் படியேத்தற மாதிரி ஓரஞ்சாஞ்சு ஓரஞ்சாஞ்சு, பின்னால வர்ற டவுன் பஸ்காரன் திட்டத் திட்ட, ஏறி எறங்கும். மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை வெள்ளன அவினாசி ரோட்டுல ஒண்ணு கூடி, வரிசை பிசகாம செங்கப்பள்ளி தாண்டி வந்து, ராக்கியண்ணன் மெஸ் முன்னால இருக்கற வேப்பமரத்து மைதானத்துல நிறுத்தி, இடியாப்பமாட்டப் புழிஞ்ச சந்தகையும் தேங்காப்பாலும் வயிறு முட்டச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, அதுக்கப்பறம் ஒரு வேலை செய்வாங்க. அதுக்குப் பேரு உறுமல்.

உறுமல்னா இதுதான். எல்லாரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிட்டுக் கண்ணை மூடிட்டு நிப்பாங்க. ஒருத்தரு மாத்தி ஒருத்தரு தன் வண்டியை மூணு தடவை ஸ்டார்ட் பண்ணி, மூணு தடவை நிறுத்துவாரு. யாரு வண்டின்னு சத்தத்தை வெச்சே சொல்லணும். தப்பாச் சொன்னவரு அன்னிக்கு மொத்தப் பந்தியோட எச்சிலையையும் எடுக்கணும். ஆயிரம் பேருக்கு வேலை குடுக்கற மில்லு மொதலாளி ரெண்டு கை நெறைய எச்சிலையைத் தூக்கிட்டு, தேங்காப்பாலு முழங்கை வழியா ஒழுக, குப்பைக்குழிக்கு நடந்து போறதைப் பார்க்கறதுக்குன்னே பக்கத்து ஊர்ல இருந்து சைக்கிள்ல ஆளுங்க வருவாங்க.

போன ஐப்பசி உறுமல்ல, மழை தூறி விட்டிருந்த காலைல, கிளப்புத் தலைவர் தெய்வசிகாமணி தன்னோட மஞ்ச வண்டியை ஸ்டார்ட் பண்ணினாரு. வழக்கமா அது புலி கொட்டாவி விட்டாப்பல ஒரு சத்தம் குடுக்கும். அன்னிக்கு அது டக்கடி டக்கடி டக்கடி டக்கடின்னு தறி ஓட்டுச்சு.

யாரும் கண்ணைத் தொறக்கல. விதின்னா விதி. கோழிப்பண்ணை நாச்சிமுத்துதான் கண்ணை மூடினபடியே சொன்னாரு.

"தலைவரே, வண்டி உங்குதுங்க. சத்தம் உங்கப்பாருதுங்க."

தெய்வசிகாமணி வண்டிக்குள்ளயே உக்காந்து கேட்டுட்டிருந்தாரு. சோமனூர்ல ஓட்டுச்சாளைக்குள்ள அவங்கப்பா போட்டிருந்த நாலு தறி, அதுல நாலாவது தறி மட்டும் பத்துத் தட்டுக்கு ஒரு தட்டை முழுங்கும், அந்த முழுங்கற தட்டுகூட அப்படியே இருந்துது.

"அப்பா போயி இருவத்தாறு வருஷமாச்சு," ன்னாரு. "இன்னும் அந்தத் தறிக்கு ரிப்பேர் பாக்கல பாருங்க."

அவ்வளவுதான். எல்லாரும் ஆமாங்கன்னு தலையை ஆட்டிட்டு அடுத்த வண்டிக்குப் போனாங்க. அடுத்தது நாச்சிமுத்துது. அதுல நாப்பதாயிரம் கோழி தீனி நேரத்துக்குக் கத்தற மாதிரி ஒட்டுக்காக் கத்துச்சு, ரோட்டுக்கு அக்கட்ட இருந்த தோட்டத்துச் சேவல் ஒண்ணு மரியாதைக்குப் பதில் சொல்லுச்சு. கண்ணாஸ்பத்திரி டாக்டர் குழந்தைவேல் வண்டி நர்ஸம்மா கொரல்ல "டோக்கன் நாப்பத்தேழு, டோக்கன் நாப்பத்தேழு இருக்கீங்களா, சரி நாப்பத்தெட்டு வாங்க" ன்னுச்சு. மாமனாரு வீட்டுச் சீதனமா வந்த வண்டியை வெச்சிருந்த புகழேந்தி சாவியைத் தொட்டதுமே மாமியாக் கொரலு வந்துருச்சு: "மாப்ள, இன்னும் ரெண்டு போட்டுக்குங்க. மாப்ள, என்ன ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க." புகழேந்தி வண்டியை அணைச்சுட்டு எறங்கி, தொறந்து கெடந்த சட்டைப் பட்டனை எல்லாம் போட்டுட்டு நின்னாரு.

எந்த வண்டி எதுல இருந்து வந்துதோ அந்தச் சத்தம் போடுதுன்னு அவங்களுக்கு வெளங்கறதுக்கு அஞ்சாவது வண்டிக்கு மேல ஆகல. வீட்டுக்குப் போனா பழையபடி புலிக் கொட்டாவிதான், மறுநாளும் அப்படித்தான். அந்த மைதானத்துல, முதல் ஞாயித்துக்கிழமை, உறுமல் நேரத்துல மட்டும் வண்டி தன் கதையைச் சொல்லும். ஏன்னு யாரும் கேக்கல. பெங்களூர்ல இருந்து வந்த மெக்கானிக் மூணு மணி நேரம் இஞ்சினுக்குள்ள தலையை விட்டுப் பார்த்துட்டு, தலைமுடில ஒரு கோழி எறகோட எந்திரிச்சு, எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதிகச் சத்தத்துக்குக் கேஸ் எழுத வந்த டிராஃபிக் இன்ஸ்பெக்டர் புக்கைப் பொரட்டிப் பொரட்டிப் பார்த்தாரு, ஹாரனுக்குச் செக்சன் இருக்குது, சைலன்சருக்கு இருக்குது, மாமியாளுக்கு இல்ல, காப்பியைக் குடிச்சுட்டு அவரும் போயிட்டாரு. கார்த்திகைல ஜனங்க தூக்குப்போசில சோறு கட்டிட்டு வந்து ஒக்காந்துட்டாங்க. கடலை வண்டி வந்துது, பலூன் வந்துது, ராக்கியண்ணன் ரெண்டாவதா ஒரு சந்தகை மெசினு வாங்கிப் போட்டாரு. ஜோசியருங்க பத்துப் பொருத்தத்தோட பதினொண்ணாவதா வண்டிப் பொருத்தம்னு ஒண்ணைச் சேர்த்துட்டாங்க. பொண்ணு பார்க்க வர்றவங்க பையனுக்கு என்ன வண்டின்னு கேக்கறதை விட்டுட்டு, வண்டி என்னங்க சொல்லுதுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

அதே கார்த்திகைலதான் ஐப்பசிக்கு வராம இருந்த கோயில் தர்மகர்த்தா ஒருத்தரு வண்டி, உண்டியலைக் கவுத்துக் கொட்டினாப்பல கலகலகலன்னு கொட்டுச்சு. மூணு தடவையும் கொட்டுச்சு. மூணாவது தடவை கூட்டத்துல ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அடுத்த வாரம் அவரு பையனுக்கு நிச்சயமாயிருந்த கல்யாணம் நின்னு போச்சு, அதுக்கடுத்த வாரம் குடும்பத்தோட மைசூருக்குப் போயிட்டாரு. பதினாலு வண்டி பதிமூணாச்சு.

இப்ப திருமூர்த்தி கிட்ட வரலாம்.

திருமூர்த்திக்கு அம்பத்திமூணு வயசு, ரெண்டு சாயப்பட்டறை, ஒரு பனியன் கம்பெனி, ஒரு செவப்பு வண்டி, ஒரே பொண்ணு மதுமிதா. உறுமல் வரிசைல அவரு பத்தாவது. ஐப்பசில அஞ்சாவது வண்டி தன் சத்தத்தைப் போட்டப்பவே அவரு வயித்துவலின்னு சொல்லிட்டு ரோட்டோரம் போயி நின்னுட்டாரு. கார்த்திகைல பேட்டரி எறங்கிப் போச்சுன்னாரு. மார்கழில ஒயரை எலி கடிச்சுருச்சுன்னாரு. தையில பங்காளி வீட்டுல சாவுன்னாரு, ஆனா செத்த பங்காளி மறுவாரம் ஒரு கல்யாணப் பந்தில உக்காந்து இன்னொரு கரண்டி பாயாசம் கேட்டுட்டிருந்ததைத் தெய்வசிகாமணியே பார்த்துட்டாரு.

பார்த்தவரு சும்மா போற ஆளு இல்ல. ஏன்னா அவரு பையன் கவினும் மதுமிதாவும் ஒரே காலேஜு, மூணு வருசப் பழக்கம், ஜாதகமும் பொருந்திருச்சு, பெரியவங்களுக்கும் சம்மதம், பாக்கி ஒண்ணே ஒண்ணுதான்.

"மாப்ள," ன்னு போன்ல கூப்பிட்டாரு. "எனக்கு ஒண்ணும் கெடையாது. எங்கூட்டுல உங்கக்காதான் ஒரே புடியா நிக்கறா. மாசி உறுமல்ல உங்க வண்டி சத்தம் கேக்கணும்ங்கறா. கேட்டுட்டா அங்கயே, அந்த மைதானத்துலயே தட்டு மாத்திக்கலாம்னு சொல்றா. கேக்கலைன்னா..."

"கேக்கலைன்னாங்க மச்சான்?"

"கேக்கலைன்னா மேல பேச வேண்டாம்னுட்டா."

போனை வெச்சுட்டுத் திருமூர்த்தி திரும்பினப்ப, மதுமிதா கதவுக்கிட்ட நின்னுட்டு, "என்னங்கப்பா சொன்னாங்க?" ன்னா. அந்த மூஞ்சில இருந்த ஆசையைப் பார்த்துட்டு அவரு, "வண்டியைக் கொண்டு வரச் சொல்றாங்க கண்ணு," ன்னாரு. "அவ்வளவுதானா," ன்னு அவ சிரிச்சா.

அவ்வளவுதானான்னு அவருக்கில்ல தெரியும்.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால அவருக்கு ஒரே ஒரு பட்டறை, தகரக்கூரை போட்டது, பன்னெண்டு பேரு வேலைக்கு. மறுநாள் காலைல வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் பட்டறையைப் பார்க்க வர்றான், பார்த்துப் புடிச்சுதுன்னா முதல் கண்டெய்னர், பொழப்பே மாறிப் போகும். சாயக் கழிவுத் தொட்டி மூணு வருசமாக் கழுவாமக் கெடந்துது. மாகாளின்னு ஒரு ஆளு, கெட்டிக்காரன், சொன்ன வேலையைச் செய்வான், அவனை எறங்கச் சொன்னாரு. மாகாளி எறங்கினான். சித்த நேரத்துல தொட்டிக்குள்ள இருந்து டங், டங், டங்னு இரும்பேணியை வாளியால தட்டற சத்தம் மூணு தடவை வந்துது. திருமூர்த்தி அப்ப மேல நின்னு அந்த வெளிநாட்டுக்காரனோட ஆளுகிட்ட போன்ல பேசிட்டிருந்தாரு. ஏதோ கயிறு கேக்கறான், சித்த இருடான்னு தொட்டிப் பக்கமா ஒரு வெரலைத் தூக்கிக் காட்டிட்டு, பேசி முடிச்சாரு. முடிச்சப்பத் தட்டற சத்தம் நின்னுருந்துது.

பொழுது சாயறதுக்குள்ள மாகாளி வாய்க்கால்ல கெடந்தான். பட்டறைல பாக்கி இருந்த பதினோரு பேரையும் நிறுத்தி வெச்சு, திருமூர்த்தி ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் குடுத்தாரு: மாகாளி இன்னிக்கு வேலைக்கே வரலை. மறுநாள் மாகாளி பொண்டாட்டி அவனுக்குச் சோத்துப்போசியைத் தூக்கிட்டுக் கேட்டுக்கு வந்து, ஏனுங்க, எங்கூட்டுக்காரரு நேத்து வந்தாருங்களான்னு ஒவ்வொருத்தர்கிட்டயாக் கேட்டுச்சு. பதினோரு பேரும் தரையைப் பார்த்தாங்க. மூணாம் நாளு வாய்க்கால் மதகுல பொணம் ஒதுங்குச்சு, குடிச்சுட்டு விழுந்துட்டான்னு ஊரு சொல்லுச்சு, மாகாளி குடிக்கறவனே இல்ல. வெளிநாட்டுக்காரன் தொட்டியைப் பார்த்துட்டு ரொம்பச் சுத்தம்னு சொல்லிட்டுப் போனான். அதுல இருந்து வந்ததுதான் ரெண்டாவது பட்டறை, அதுல இருந்து பனியன் கம்பெனி, அதுல இருந்து அந்தச் செவப்பு வண்டி.

அந்த டங், டங், டங்தான் வண்டில இருந்து வரப்போகுதுன்னு திருமூர்த்திக்கு அட்சரம் பிசகாமத் தெரியும். வீட்டு செட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு தெனமும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டாரு, நல்லா உறுமுச்சு. நல்லா உறுமறதைக் கேட்டுக் கேட்டுப் பயம் ஏறுச்சு. கடைசில அந்தக் கிளப்புல இருக்கறவங்களுக்கு மட்டுமே தோணக்கூடிய ஒரு வழி அவருக்குத் தோணுச்சு. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயி ஆர்.சி. புக்கை மாத்தி, வண்டியை மதுமிதா பேருக்கு எழுதி வெச்சுட்டாரு. சத்தம் ஓனருக்குத்தான, பேப்பர்ல ஓனரு மாறிட்டா சத்தமும் மாறித்தான ஆகணும்னு அவரு கணக்குப் போட்டாரு. அவ என்ன பாவம் பண்ணினா, அவளுக்கு என்ன சத்தம் வந்துரப் போகுது.

மாசி முதல் ஞாயித்துக்கிழமை வெயிலு சுள்ளுன்னு அடிச்சுது. கூட்டம்னா கூட்டம், வேப்பமரத்துக் கொப்புல எல்லாம் ஆளு. தெய்வசிகாமணி வீட்டுக்காரம்மா வசந்தாமணி ஏழு தட்டைத் துணி போட்டு மூடி வேன்ல வெச்சிருந்தாங்க, வெத்தலை, பழம், மஞ்சக்கெழங்கு, மேல ஒரு அரக்குக் கலர் பட்டுச் சீலை.

"தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க," ன்னாங்க. "எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்ல. காதுல கேட்டுட்டா மனசுக்கு ஒரு நிம்மதி."

"கேளுங்கக்கா," ன்னாரு திருமூர்த்தி.

தெய்வசிகாமணி அவரு தோள்ல கையைப் போட்டாரு. "பேட்டரி எப்படி மாப்ள?"

"புதுசுங்க மச்சான்."

"எலி?"

"மருந்து வெச்சுட்டங்க."

"இந்தத் தடவை எந்தப் பங்காளியும் சாகலயே? இல்ல, இப்பவே சொல்லிருங்க, பாயாசத்தை நிறுத்திக்கலாம்."

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. திருமூர்த்தியும் பல்லைக் காட்டினாரு. சந்தகை எலைல அப்படியே இருந்துது. ஒவ்வொரு வண்டியாச் சத்தம் போட்டு முடிய முடிய, தறி முடிஞ்சு, கோழி முடிஞ்சு, டோக்கன் நாப்பத்தெட்டு முடிஞ்சு, மாமியா ரெண்டு போட்டுக்கச் சொல்லி முடிஞ்சு, அவரு முதுகுல வேர்வை ஒரு கோடா எறங்கி இடுப்புல நின்னுது. தர்மகர்த்தா போயிட்டதால ஒம்பதாவதே அவரு மொறைன்னு ஆயிருச்சு, ஒரு வண்டி முன்னாடியே வந்து சேர்ந்துட்டதை அவரு எதிர்பார்க்கல.

"மாப்ள, உங்குதுங்க."

"எங்குது இல்லீங்க மச்சான்," ன்னு ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினாரு. "பாப்பா பேருக்கு மாத்திட்டேன். அவளே ஸ்டார்ட் பண்ணட்டும்."

தெய்வசிகாமணி புக்கைத் தொறந்து பார்த்தாரு. மூடினாரு. "புக்கு மாறினாச் சத்தம் மாறுமா மாப்ள?"

"அதுக்கில்லீங்க. ஒரு ஆசைக்கு."

"சரி, பொண்ணு தொட்டதும் நல்லதுதான்," ன்னாங்க வசந்தாமணி. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

மதுமிதா உள்ள உக்காந்தா. கவின் தள்ளி நின்னு கண்ணை மூடினான், ஒரு கண்ணை மட்டும். திருமூர்த்தி வண்டிக் கூரை மேல கையை வெச்சுட்டு நின்னாரு. பொண்ணு அவரை அண்ணாந்து பார்த்து, "அமுக்கட்டுங்களாப்பா?" ன்னா. அவரு தலையை ஆட்டினாரோ இல்லையோ, அவ பட்டனை அமுக்கிட்டா.

சத்தமே வரல.

இஞ்சின் ஓடுச்சு, அவரு உள்ளங்கைல தகரம் அதிருது, பொறத்தால குழாய்ல பொகை வருது, மீட்டர் முள்ளு துள்ளுது, சத்தம் மட்டும் இல்ல, அதுவும் வண்டில மட்டும் இல்ல, மெஸ்ஸுல எண்ணைச் சட்டில வடை வேகுது, பொரியற சத்தம் இல்ல, பைபாஸ்ல சிமெண்ட் லாரி போகுது, லாரி இருக்குது சத்தம் இல்ல, வேப்பமரத்துல காக்கா வாயைத் தொறக்குது மூடுது, நாச்சிமுத்துக்கு விக்கல் எடுத்துத் தோளு ஏறி எறங்குது, பலூன்காரன் கைல ஒரு பலூன் வெடிச்சுக் கிழிஞ்சு தொங்குது, எதுக்கும் சத்தம் இல்ல. அந்த அமைதிக்குள்ள திருமூர்த்தி மட்டும் காதைக் கூர்மையா வெச்சுட்டு, இப்ப வரும், இதோ இப்ப வரும், முதல் டங் இப்ப வரும்னு பல்லைக் கடிச்சுட்டு நின்னாரு. வரல. மதுமிதா வண்டியை அணைச்சா. மூடி வெச்சிருந்த கதவைத் தொறந்துவிட்ட மாதிரி லாரியும் காக்காயும் வடைச்சட்டியும் ஒரே நேரத்துல உள்ள வந்து விழுந்துச்சு.

"இஞ்சின் ஓடுச்சுங்களா?" ன்னாரு புகழேந்தி.

"ஓடுச்சு. நான் பொகையைப் பார்த்தேன்," ன்னாரு நாச்சிமுத்து.

"நீங்க கண்ணை மூடலியா?"

"அதை அப்பறம் பேசலாம்."

டாக்டர் குழந்தைவேல் ரெண்டு காதையும் மாத்தி மாத்திப் பொத்திப் பார்த்தாரு. தெய்வசிகாமணி செவப்பு வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு, குனிஞ்சு அடில பார்த்தாரு, நிமிந்தாரு. அவரு கொரலே மாறிப் போயிருந்துது.

"மாப்ள, என் வண்டில தறி இருக்குது. இவரு வண்டில கோழி இருக்குது. இத்தனை பேரு வண்டிலயும் ஏதோ ஒண்ணு இருந்துட்டே இருக்குது. உங்குதுல ஒண்ணுமே இல்ல. சலவைக்குப் போட்ட வேட்டியாட்ட இருக்குது. இதுக்காய்யா நாலு மாசம் எலி கடிச்சுதுன்னு சொன்னீங்க?"

"எனக்குத் தவத்துல உக்காந்தாப்பல இருந்துதுங்க," ன்னு வசந்தாமணி கண்ணைத் தொடைச்சாங்க. "கவினு, அந்தத் தட்டை எறக்குடா. மெஸ்ஸுல இருக்கறவங்களையும் கூப்பிடுங்க, நல்ல காரியம், நாலு பேரு கூட நிக்கட்டும்."

மதுமிதா ரெண்டாவது தடவை அமுக்கினா. அதே அமைதி. இந்தத் தடவை திருமூர்த்திக்கு மூச்சு வந்துது. பதினெட்டு வருசமா மேல் நெஞ்சோட நின்னுட்டிருந்த மூச்சு அடிவயிறு வரைக்கும் போயிட்டு வந்துது. அந்த அமைதிக்குள்ளயே கவினும் அவன் சிநேகிதங்களும் தட்டுகளை எறக்கினாங்க, தேங்கா உருண்டுச்சு, உருள்ற சத்தம் இல்ல. மெஸ்ஸுக்குள்ள இருந்து ராக்கியண்ணனும், பரிமாறறவங்களும், சந்தகை புழியற ஒரு அம்மாவும் ஈரக் கையைத் தொடைச்சுட்டு வந்து ஓரமா நின்னாங்க. அந்த அம்மா பேரு சரசாள். தையிலதான் இங்க வேலைக்குச் சேர்ந்துது, போன உறுமல் நேரத்துல சந்தகை மெசினோட இருந்துச்சு, வெளிய வந்து பார்க்கறது இன்னிக்குத்தான். வந்து நின்ன சரசாள் கைல அடுக்கி வெச்சிருந்த டம்ளர் எட்டும் நழுவிக் கல்லு மேல விழுந்து உருண்டுச்சு. யாருக்கும் கேக்கல. சரசாள் குனிஞ்சு எடுக்கல. நின்ன எடத்துல நின்னு வாயை மெள்ள மூடிட்டுத் தரையைப் பார்த்துச்சு.

வண்டி நின்னுது. சத்தம் திரும்பி வந்துது.

"சரி, விதி விதிதான்," ன்னாரு தெய்வசிகாமணி, அவரு சந்தோசத்துல இருந்தாரு. "இது யாரு வண்டின்னு தெரிஞ்சு போச்சு. இது என்ன சத்தம்னு யாராச்சும் சொல்லணும். யாரு வேண்ணாலும் சொல்லலாம், கிளப்புலதான் இருக்கணும்னு இல்ல. சரியாச் சொல்லிட்டா இன்னிக்குப் பந்தி எச்சிலை பூரா நான் எடுக்கறேன்."

கூட்டம் குஷியாயிருச்சு.

"தியானமுங்க," ன்னாரு டாக்டர்.

"மலைக்கோயில்ல நடை சாத்தினப்பறம் இருக்குமே, அதுங்க," ன்னாரு கடலைக்காரர்.

"பால் குடிச்ச கொழந்தை தூங்கறதுங்க," ன்னு மரத்து மேல இருந்து ஒருத்தன் சொன்னான்.

"மாமியா ஊருக்குப் போன வீடுங்க," ன்னாரு புகழேந்தி, அதுக்குத்தான் ரொம்பப் பேரு சிரிச்சாங்க. தெய்வசிகாமணி ஒவ்வொண்ணுக்கும், இருக்கலாம், இருக்கலாம்னு தலையை ஆட்டிட்டே வந்து, "மெஸ்காரங்க என்ன சொல்றீங்க?" ன்னு ஓரத்துப் பக்கம் திரும்பினாரு.

அவரோட திருமூர்த்தியும் சிரிச்ச மூஞ்சியோட திரும்பினாரு. முதல்ல அவரு கண்ணுல பட்டது மூஞ்சி இல்ல, கை. மாவு ஒட்டின ரெண்டு கை, அதுல பத்து வெரலு, பத்து நகக்கண்ணுலயும் நீலம். வருசக்கணக்காச் சாயத் தொட்டில கையை விட்டவங்களுக்கு மட்டும்தான் அந்த நீலம் எறங்கும், எறங்கினா எந்த ஊருக்குப் போனாலும், என்ன மாவு பெசைஞ்சாலும் போகாது. அதுக்கப்பறம்தான் மூஞ்சியைப் பார்த்தாரு. தலை நரைச்சிருந்துது. அந்தத் தகரக்கூரைக்கடியில நிறுத்தி வெச்சப்ப வலது பக்கத்துல இருந்து நாலாவது ஆளு.

சரசாள் அவரைப் பார்க்கல. அது வண்டியைத்தான் பார்த்துட்டிருந்துது. எங்கயோ கேட்ட பாட்டு, பேருதான் ஞாபகம் வரமாட்டேங்குதுங்கற மாதிரி நெத்தியைச் சுருக்கிட்டு, ஒதட்டை ஒதட்டை அசைச்சுட்டிருந்துது.

"மூணாவது தடவையும் கேட்டுட்டா நல்லாத் தெரிஞ்சுருமுங்க," ன்னுச்சு.

"அதென்ன, கேட்டாப் போச்சு," ன்னாரு தெய்வசிகாமணி. "அமுக்கு கண்ணு."

போதும் கண்ணு, எறங்குன்னு சொல்லறதுக்குத் திருமூர்த்தி குனிஞ்சாரு. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதுமிதா கவினைப் பார்த்துச் சிரிச்சுட்டே பட்டன் மேல வெரலை வெச்சிருந்தா. வேண்டாம்னு அவரு வாயைத் தொறந்தாரு, அந்த வார்த்தை தொண்டையை விட்டுக் கெளம்பறதுக்கும் அவ அமுக்கறதுக்கும் சரியா இருந்துது, உலகம் அடங்கிப் போச்சு, அவரு கத்தினது அவரு காதுக்கே வரல. வேண்டாம் வேண்டாம்னு கண்ணாடியைத் தட்டினாரு, டங், டங், டங்னு தட்டினாரு, அதுக்கும் சத்தம் இல்ல. மதுமிதா அதை வாழ்த்துன்னு நெனைச்சு, உள்ள இருந்து கையை ஆட்டினா. வசந்தாமணி முதல் தட்டைத் தூக்கி நீட்டினாங்க. காக்கா வாயைத் தொறந்து மூடுச்சு. லாரி போச்சு.

அத்தனை அமைதிக்குள்ள ஒரே ஒரு கொரலு மட்டும், பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி, அங்க இருந்த ஒவ்வொருத்தருக்கும் கேட்டுச்சு. அதுல கோவம் இல்ல, அழுகை இல்ல. விடை தெரிஞ்சு போன சந்தோசம்தான் அதுல இருந்துது, அந்தச் சந்தோசமும் பாதி வழில பயந்து நின்னுது.

"ஏனுங்க, இது எனக்குத் தெரியுமுங்க. மாகாளி தொட்டிக்குள்ள செத்துக் கெடந்தப்ப, அவன் இன்னிக்கு வேலைக்கே வரலைன்னு சொல்லச் சொல்லி இவரு எங்களை வரிசையா நிறுத்தி வெச்சாருங்களே, மறுநா அந்தப் புள்ளை சோத்துப்போசியோட வந்து கேக்கக் கேக்க நாங்க பதினோரு பேரும் கம்முனு நின்னமுங்களே, அதுங்க இது."